தேய்ந்த சொல்லும் தேயாத தொனியும்

நார்வே தேசத்தின் மேற்குக் கரையில், மலைகள் சூழ்ந்த துறைமுகப் பட்டினமாய் விளங்கும் பெர்கன் நகரத்தின் பெயரில், கடைசியாக நிற்கும் னகர ஒற்றுக்குள் ஒரு புல்வெளி மறைந்து கிடக்கிறது என்று சொன்னால், கேட்பவர்கள் அதைக் கவிகளின் அதிசயோக்தி என்றே எண்ணுவார்கள். ஆயினும் அது சரித்திரம் ஒப்புக்கொண்ட உண்மை. அமைதி மன்னர் என்று பெயர்பெற்ற மூன்றாம் ஓலாவ் அரசர் 1070-ஆம் ஆண்டையொட்டி இந்நகரத்தை ஸ்தாபித்தார் என்பது பரம்பரை வழக்கு. அக்காலத்தில் அதற்கு வழங்கிய பெயர் ப்யோர்க்வின். அதில் 'ப்யோர்க்' என்ற நிலைமொழி மலையைக் குறிப்பது. 'வின்' என்ற வருமொழி புல்வெளியைக் குறிப்பது. மலையடிவாரத்துப் பசும்புல் நிலம் என்று முன்னோர் கண்டு இட்ட அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாக நாவில் உருண்டு வந்ததில், மலை பெரும்பாலும் நிலைத்து நின்றது. புல்வெளியோ உயிரும் மெய்யும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒரே ஓர் ஒற்றாகச் சுருங்கிவிட்டது. அங்குள்ள கிறிஸ்தவ மேற்றிராசனம் மட்டும் தன் பெயரில் பழைய ப்யோர்க்வினை இன்றும் காத்து வருகிறது.

முன்பாதி நிலைத்துப் பின்பாதி தேய்ந்தது ஏன்? மக்களின் அசிரத்தையால் அப்படி நேரவில்லை. அந்த மொழியின் ஆதி நியமம் ஒன்று அதற்குக் காரணம். சொல்லின் முதல் அசையில் அழுத்தத்தை வைத்து, மற்ற அசைகளைத் தாழ்த்தி உச்சரிப்பது என்ற அந்த நியமமே நார்வே மொழியின் தொகைச்சொற்களை ஆக்கியது. அதுவே அவற்றில் பலவற்றைத் தேய்த்தது. ஆனால் தேய்ந்து போனவை சுவடின்றிப் போய்விடவில்லை. எழுத்தில் மறைந்தவை தொனியிலே நின்றன. நாவில் மறைந்தவை எழுத்தின் மூட்டுக்களிலே நின்றன. இந்த இழப்பும் இந்த நினைவும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்த கதையையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அந்த நியமத்தின் பிறப்பைக் காண வேண்டுமானால் வெகுதூரம் பின்னே செல்ல வேண்டும். நார்வே மொழியும் அதன் உறவு மொழிகளும் தோன்றிய மூலமொழியில் அழுத்தம் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்கவில்லை. சொல்லுக்குச் சொல் இடம் மாறி, பொருளையும் மாற்ற வல்லதாக இருந்தது. அந்த நிலையை நன்கு காத்து வைத்திருப்பது வேதமொழி. இந்திரனைக் கொல்லும் புத்திரன் வேண்டுமென்று வேள்வி செய்த த்வஷ்டா, 'இந்திரசத்ரு' என்ற தொகைச்சொல்லை ஓதும்போது, ஈற்றில் எடுத்துச் சொல்ல வேண்டிய சுரத்தை முதற்பதத்தில் எடுத்துச் சொல்லிவிட்டதால், 'இந்திரனைக் கொல்பவன்' என்ற பொருள் 'இந்திரனால் கொல்லப்படுபவன்' என்று தலைகீழாக மாறிப் பிள்ளையையே இழந்தான் என்று வைதிகர்கள் சொல்லிவரும் வரலாறு, தொகைச்சொல்லில் அழுத்தம் எத்தனை பெரிய காரியம் என்பதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். வடக்கே சென்று குடியேறிய ஜெர்மானியக் கிளையோ, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இவ்வாறு உலவித் திரிந்த அழுத்தத்தை முதல் அசையில் நிரந்தரமாகக் கட்டிப் போட்டுவிட்டது.

கட்டுவதற்கு முன் அது எங்கே இருந்தது என்பதை 1877-ல் வெளிவந்த ஒரு கட்டுரையின் வாயிலாக உலகுக்குக் காட்டியவர் டென்மார்க்கில் பிறந்த கார்ல் வெர்னர். சம்ஸ்கிருதத்தில் சகோதரனைக் குறிக்கும் 'ப்ராதர்', தந்தையைக் குறிக்கும் 'பிதர்' ஆகிய இரு சொற்களிலும் நடுவில் நிற்பது ஒரே தகரமாயிருக்க, பழைய ஜெர்மானிய மொழியாகிய கோதியத்தில் ஒன்று வன்மையாகவும் மற்றொன்று மென்மையாகவும் ஒலிப்பதற்குக் காரணம் தெரியாமல் அறிஞர்கள் திகைத்திருந்தார்கள். வேதச் சுரங்களை அருகில் வைத்துப் பார்த்த வெர்னர், முன்னதில் சுரம் தகரத்துக்கு முந்திய அசையிலும், பின்னதில் தகரத்துக்குப் பிந்திய அசையிலும் இருப்பதைக் கண்டு, அழுத்தம் இடம் மாறிய பிறகும் அது முன்பு இருந்த இடத்தின் அடையாளம் மெய்யெழுத்தில் தங்கிவிட்டது என்று நிரூபித்தார்.

முதலசை அழுத்தம் செய்த வேலையைக் கல்லிலும் காணலாம். நார்வேயின் தென்கிழக்கில் தூனெ என்னும் இடத்து மாதாகோயிலில் இருந்த ஒரு நினைவுக்கல்லில், ஏறக்குறைய கி.பி. 400-ல் பொறிக்கப்பட்ட ரூனிய எழுத்துக்கள் உள்ளன. அவற்றில் இறந்துபோன தலைவனைக் குறிக்க வரும் 'விதாதஹலைபன்' என்ற நெடுஞ்சொல் ஒரு தொகைச்சொல். 'அப்பத்தைக் காப்பவன்', அதாவது தன்னைச் சார்ந்தவர்களுக்கு உணவளிக்கும் எஜமானன் என்பது அதன் பொருள் என்று அறிஞர்கள் கொள்ளுகிறார்கள். அதில் ஒவ்வோர் அசையும் முழு உயிரோடு நிற்பதைப் பார்க்கும்போது, அந்தக் காலத்து மக்கள் எத்தனை நிதானமாகப் பேசியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. அதன் பின் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்குள் அந்த நிதானம் போய்விட்டது. கி.பி. 500-க்கும் 700-க்கும் இடைப்பட்ட காலத்தில், அழுத்தம் பெறாத உயிர்கள் வரிசை வரிசையாக மறைந்தன. விருந்தினனைக் குறித்த 'கஸ்திஸ்' என்ற ஈரசைச் சொல் 'கெஸ்த்ர்' என்ற ஓரசைச் சொல்லாயிற்று. மறைந்த இகரமோ போகும்போதே தன் முன்னே நின்ற அகரத்தை எகரமாகத் திரித்துவிட்டுப் போயிற்று. இன்றைய நார்வே மொழியில் விருந்தாளியை 'யெஸ்த்' என்று சொல்லும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் உயிரெழுத்தின் நிழலை உச்சரிக்கிறார்கள்.

இனி, உயிரோடு வழங்கும் தொகைச்சொல்லை அருகே வைத்துப் பார்ப்போம். ஸோக்ன் பகுதியில் வீக் என்ற ஊரில் ஒருவகைப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். கொழுப்பு நீக்கிப் புளித்த பாலிலிருந்து உண்டாக்கி, பூசணம் படரவிட்டுப் பதப்படுத்தும் அந்தப் பழுப்பு நிறக் கட்டியின் நெடி மிக உக்கிரமானது. அதற்குக் 'கம்மெலுஸ்த்' என்று பெயர். 'கம்மெல்' என்றால் பழைய, 'உஸ்த்' என்றால் பாலாடைக்கட்டி. கடைக்குச் சென்று, முதல் அசையை மட்டும் ஓங்கி அழுத்தி, மற்றவற்றை ஒரே இழையில் தாழ்த்தி, 'கம்மெலுஸ்த்' என்று கேட்டால், கடைக்காரர் தேசப் புகழ்பெற்ற அந்தப் பண்டத்தை எடுத்துத் தருவார். அதையே 'கம்மெல் உஸ்த்' என்று இரண்டு இடத்திலும் சமமாக அழுத்திச் சொன்னால், விற்காமல் தங்கிப் பழசாகிப்போன ஏதோ ஒரு கட்டியைக் கேட்டதாக ஆகிவிடும். எழுத்தில் ஒன்று, எண்ணிக்கையில் ஒன்று, அழுத்தம் ஒன்றா இரண்டா என்பதே பேதம். இவ்வாறே ஊர்தோறும் உள்ள பிரதான வீதிக்கு 'ஸ்தூர்காதா' என்று பெயர். அந்த வீதி குறுகலாக இருந்தாலும் அதற்கு அதுவே பெயர். 'ஸ்தூர் காதெ' என்று பிரித்து அழுத்தினாலோ, எங்கோ உள்ள அகலமான ஒரு தெரு என்பதற்கு மேல் பொருளில்லை.

தொகையில் வருமொழி முற்றிலும் அடங்கிப்போவதும் இல்லை. அதற்கென்று ஓர் இரண்டாம் அழுத்தம் உண்டு. அதன் நெடில் நெடிலாகவே நிற்கும், ஒற்று இரட்டித்திருந்தால் இரட்டையாகவே ஒலிக்கும். அழுத்தம் பெற்ற அசை நெடிலாகவோ, அல்லது குறிலை அடுத்து நீண்ட ஒற்றுடையதாகவோ இருந்தே தீர வேண்டும் என்பது அம்மொழியின் விதி. கூரையைக் குறிக்கும் 'தாக்' நெடில், நன்றியைக் குறிக்கும் 'தக்க்' குறிலும் நீண்ட ஒற்றும். இரண்டாம் அழுத்தம் உள்ளவரையில் வருமொழி தன் அளவு குன்றாமல் பாதுகாப்பாக இருக்கும். அப்படியானால் ப்யோர்க்வின்னின் புல்வெளிக்கு மட்டும் அந்தக் காவல் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கலாம். புல்வெளியைக் குறித்த 'வின்' என்ற சொல், வைகிங்குகளின் காலத்துக்கு முன்பே பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. தனிச்சொல்லாக அதை அறிந்தவர் எவரும் இல்லாமற்போன பின், தொகையின் உள்ளே அதை அழுத்திச் சொல்லவேண்டும் என்ற நினைவும் போயிற்று. பொருள் மறந்ததும் காவல் நீங்கியது. காவல் நீங்கியதும் தேய்வு தொடங்கியது.

இரண்டு சொற்களையும் பிணைக்கும் மூட்டு எழுத்துக்களும் இத்தகைய நினைவுச் சின்னங்களே. குழந்தைகள் பள்ளியாகிய 'பார்னெஹாகெ' என்பதில் 'பார்ன்' குழந்தை, 'ஹாகெ' தோட்டம். இடையில் நிற்கும் எகரம், 'குழந்தைகளுடைய' என்று பொருள்பட்ட பழைய ஆறாம் வேற்றுமைப் பன்மையின் அகர ஈறு தேய்ந்து நின்ற உருவம். வேலை செய்யும் இடமாகிய 'ஆர்பெய்ட்ஸ்பிளாஸ்' என்பதன் இடையில் நிற்கும் ஸகரமோ, அதே வேற்றுமையின் ஒருமை உருபு. தனிச் சொற்களில் வேற்றுமைகள் பெரும்பாலும் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. தொகைகளின் மூட்டுக்களில் மட்டும் அவை தங்கிவிட்டன. தங்கியதோடு நில்லாமல், தம் பூர்விகத்தை மறந்து, புதிதாக வந்த சொற்களிடத்தும் சென்று ஒட்டிக்கொண்டன. 1854-ல் நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின் பரவிய 'ஸ்தஷூன்' என்ற அந்நியச் சொல்லோடு தலைவனைக் குறிக்கும் சொல் சேர்ந்தபோது, இடையிலே பழைய ஸகரம் தானே வந்து அமர்ந்து 'ஸ்தஷூன்ஸ்மெஸ்தெர்' என்றாயிற்று. 'ஸ்தஷூன்' என்பதை நகரத்தார் பின் அசையில் அழுத்தி உச்சரிக்க, கிழக்குப் பகுதிக் கிராமத்தாரோ தம் முன்னோரின் நியமத்தை விடாமல் முதலசையில் அழுத்தினார்கள். போலீசையும் ஆரஞ்சுப் பழத்தையும் குறிக்கும் சொற்களையும் அப்படியே தம் வழிக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

இவையனைத்தையும்விட வியக்கத்தக்கது தொனியின் நினைவு. நார்வேயில் பெரும்பாலோர் பேச்சில், அழுத்தம் பெற்ற சொல்லுக்கு இருவகை இசைகள் உண்டு. விவசாயிகள் என்று பொருள்படும் சொல்லும், பிரார்த்தனைகள் என்று பொருள்படும் சொல்லும் எழுத்தில் வேறானாலும் வாயில் இரண்டும் 'பென்னெர்' என்றே வருகின்றன. ஆனால் கிழக்கு நார்வேக்காரர் முன்னதைத் தாழ்ந்த குரலில் தொடங்கி உயர்த்துவார், பின்னதை உயர்ந்த குரலில் தொடங்கித் தாழ்த்திப் பிறகு உயர்த்துவார். கேட்பவருக்கு ஒருநாளும் மயக்கம் வருவதில்லை. மேற்குக் கரையில் இசையின் ஏற்ற இறக்கம் வேறு. வேறுபாடு மட்டும் அங்கும் உண்டு. பெர்கனை அடுத்த சில ஊர்களிலும், வடகோடியான ஃபின்மார்க்கின் பல பகுதிகளிலுமே அது இல்லை. இந்த இரண்டு இசைகளுக்கும் நார்வே இலக்கணிகள் 'ஓரசைத் தொனி', 'ஈரசைத் தொனி' என்று பெயரிட்டார்கள். இன்று இரண்டு சொற்களும் ஈரசையாகவே இருக்க, ஒன்றை ஓரசைத் தொனி என்பானேன்? பழைய மொழியில் விவசாயிகளைக் குறித்த சொல் உண்மையிலேயே ஓரசை. பிரார்த்தனைகளைக் குறித்தது ஈரசை. நன்செய் வயலைப் போல் உழுது பயிரிடும் நிலத்தைக் குறித்த 'அக்ர்' என்ற ஓரசைச் சொல், உச்சரிப்பின் எளிமை கருதி மத்திய காலத்தில் இடையே ஓர் உயிரைப் பெற்று, 'ஓகெர்' என்று இரண்டு அசையாயிற்று. ஆனால் தொனி அந்தப் புதிய அசையை இன்றுவரை கணக்கில் சேர்க்கவில்லை. எழுத்து இரண்டென்று சொல்ல, இசை ஒன்றென்றே சாதிக்கிறது. ஏட்டில் எங்கும் எழுதப்படாத ஒரு கணக்கை, பள்ளிக்கூடம் பாராத பாட்டிமார்களின் குரலே எழுநூறு ஆண்டுகளாகப் பிழையின்றி ஒப்புவித்து வந்திருப்பதை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

ஹன்ஸா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டத்தார் பெர்கன் துறையில் கூடம் அமைத்து வியாபாரம் செய்த காலத்தில் வந்து கலந்த வட ஜெர்மன் சொற்களையும் தொனி தனியே பிரித்து வைத்தது. பேசுதல் என்ற 'தாலெ' ஈரசைத் தொனி. பணம் செலுத்துதல் என்ற, முன்னொட்டுடன் வந்த 'பெதாலெ' ஓரசைத் தொனி. தொகைச்சொற்களில் இந்த விஷயம் இன்னும் நுட்பமாகிறது. தனித்து நிற்கும்போது ஓரசையாக உள்ள சொல், தொகையின் தலையாக அமர்ந்ததும் பல இடங்களில் ஈரசைத் தொனியை மேற்கொள்கிறது, சில இடங்களில் கொள்வதில்லை. எது கொள்ளும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. டேனிஷ் மொழியில் இத்தொனிக்கு ஈடாக நிற்கும் தொண்டைத் தடையை 1743-ல் யென்ஸ் ஹெய்ஸ்கோர் எடுத்துரைத்திருந்தார். நார்வே வட்டாரங்களின் இசையைச் செவியால் அளந்து சாஸ்திரமாக்கும் வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவின் சர்வகலாசாலைப் பேராசிரியர் யோஹான் ஸ்தோர்ம் மேற்கொண்டார்.

அந்த வேலை வெறும் பாண்டித்தியத்தோடு நில்லாமல், ஜனங்களின் நிலத்துக்கும் வீட்டுக்கும் பயன்பட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்குடன் பிணைந்திருந்த நார்வேயில், 1814-ல் அந்தப் பிணைப்பு நீங்கும் வரையிலும் அதற்குப் பின்னரும்கூட, உத்தியோகக் கடிதங்கள் யாவும் டேனிஷ் எழுத்து மரபிலேயே நடந்து வந்தன. பண்ணைகளின் பெயர்களை நிலவரிப் பதிவேட்டில் எழுதிய குமாஸ்தாக்கள், காதில் விழுந்த தேய்ந்த ஈறுகளுக்குத் தமக்குத் தோன்றிய உருவங்களைக் கொடுத்தார்கள். இந்தக் குழப்பத்தைச் சீர்செய்ய 1878-ல் நியமிக்கப்பட்ட குழுவில் புராதன ஆராய்ச்சியாளர் ஓலுஃப் ரிக், ரூனிய எழுத்துக்களைப் படித்துப் பொருள்கண்ட ஸோஃபுஸ் புக்கெ, பழைய மொழியின் அகராதிக்காரர் யோஹான் ஃப்ரிட்ஸ்னர் ஆகிய மூவரும் அமர்ந்தார்கள். அவர்கள் உழைப்பின் பயன் 1886-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் தெரிந்தது. ரிக் சேர்த்து வைத்த குறிப்புக்களோ அவர் ஆயுள் முடிவதற்கு இரண்டாண்டு முன்பு, 1897-ல், 'நார்வேயின் பண்ணைப் பெயர்கள்' என்ற மாபெரும் நூல்வரிசையாக வெளிவரத் தொடங்கின.

அந்த நூலின் பெருமை, பழைய சாசனங்களில் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பதோடு, அந்தப் பண்ணையைச் சுற்றி வாழ்கிறவர்கள் அதை எப்படிச் சொல்லுகிறார்கள் என்பதையும் தொனிக் குறியோடு பதிவு செய்ததில் இருக்கிறது. ஏடு மறந்ததை நாவு நினைவில் வைத்திருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. 'ஸூலெம்' என்று வழங்கும் பண்ணையின் ஈற்றிலுள்ள 'எம்', இல்லத்தைக் குறித்த 'ஹெய்ம்' என்பதன் எச்சம். பெயர் முழுதும் சூரியனின் இல்லம் என்று ஒளிபெற்றது. 'லேகென்' என்பதன் ஈறு, பெர்கனில் கண்ட அதே புல்வெளி. இளைஞர்கள் கூடி விளையாடிய வெளி என்று அது பொருள் தந்தது. 'ஹூவின்' என்பதில் பழைய தெய்வங்களைத் தொழுத இடத்துப் புல்வெளி கிறிஸ்தவ காலம் முழுவதையும் கடந்து கண்திறந்தது.

பெயரின் மூட்டைப் பிரித்துப் பார்க்கும் இந்த ஆர்வம் தேசாபிமானத்தோடும் கலந்தது. மொழி ஆராய்ச்சியாளர் ஈவார் ஓசென் 1842 முதல் 1846 வரை கிராமம் கிராமமாக நடந்து வட்டாரப் பேச்சுக்களைத் திரட்டி, 1848-ல் இலக்கணம் வெளியிட்ட நாளிலிருந்து, தம் வாயில் உள்ளது தம் ஏட்டிலும் வரவேண்டும் என்ற விருப்பம் ஜனங்களிடையே வளர்ந்தது. டேனிஷ் உருவில் எழுதப்பட்டு வந்த த்ரோன்யெம் நகரத்துக்கு 1930-ல் 'நீத்' ஆற்றின் முகத்துவாரம் என்ற பொருளுடைய நிதாரோஸ் என்ற பழம்பெயரை அரசாங்கம் சூட்டியபோது நகரத்தார் கிளர்ந்தெழுந்தார்கள்; அடுத்த ஆண்டிலேயே பெயர் மீண்டது. ஆனால் மீண்டபோது அதன் ஈறு டேனிஷ் 'யெம்' ஆக இல்லாமல், பழைய 'ஹெய்ம்' ஆக இருந்தது.

எழுத்தின் மூட்டுக்களுக்கு வருவோம். வரியின் ஓரத்தில் இடம் போதாமல் ஒரு சொல்லைப் பிளக்க நேரும்போது, தனிச்சொல்லானால் கடைசி ஒற்றை அடுத்த வரிக்குக் கொண்டுபோவது ஒரு வழி. தொகைச்சொல்லானால் நிலைமொழியும் வருமொழியும் சந்திக்கும் இடத்தில் பிளப்பதே முறை, இடையிலுள்ள ஸகரமோ எகரமோ நிலைமொழியோடு நிற்கும். போக்குவரத்து நெரிசலைக் குறிக்கும் 'த்ரஃபிக்கோர்க்' என்ற சொல்லில், நிலைமொழி இரண்டு ககர ஒற்றோடு முடிய, வருமொழி ஒரு ககரத்தோடு தொடங்குகிறது. மூன்று ஒரே எழுத்து அடுத்தடுத்து நிற்கலாகாது என்ற விதியால், சேர்த்து எழுதும்போது ஒன்று மறைந்து இரண்டே நிற்கும். ஆனால் அதே சொல்லை வரியின் ஓரத்தில் பிளந்தால், மறைந்த மூன்றாம் எழுத்து மீண்டும் வந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துக்களைக் கையால் அடுக்கிய நாளில், சேர்ந்திருந்த சொல்லைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும், மறைந்திருந்த எழுத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துத்தான் பிரித்தார்.

இக்காலத்தில் அந்த மூட்டுக்கே ஆபத்து வந்திருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்து, தொகைச்சொற்களைப் பிரித்து எழுதும் பழக்கம் கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் பரவி வருகிறது. ஆட்டுக்குட்டியின் தொடைக்கறியாகிய 'லம்மெலோர்' என்பதை 'லம்மெ லோர்' என்று இடம் விட்டு எழுதிவிட்டால், அது முடக்குவாதத்தால் செயலற்றுப்போன தொடைகள் என்று பொருள்படுகிறது. மொழியில் அக்கறையுள்ளவர்கள் இதைக் கண்டு மனம் வருந்துவது நியாயமே. ஓர் இடைவெளி அழுத்தத்தை இரண்டாக்குகிறது, அழுத்தம் இரண்டானதும் சொல் ஒன்றாயிருப்பது முடிந்துபோகிறது.

இதற்கு அங்குள்ள உபாத்தியாயர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபாயம் மிக எளியது: எழுதுமுன் வாய்விட்டுச் சொல்லிப் பார், தலை ஒன்றே ஓங்கி, மற்றது அதன் கீழ் இழைந்து வந்தால் சேர்த்து எழுது, இரண்டு தலை ஓங்கினால் பிரித்து எழுது. ஓலுஃப் ரிக்கின் நூலுக்காகப் பண்ணையாரைப் பெயர் சொல்லக் கேட்டுத் தொனிக்குறி இட்டவர்கள் செய்ததும் இதுதான். 'ஸூலெம்' என்பது சூரியனின் இல்லம் என்று அந்தப் பண்ணையார் அறியமாட்டார். அறியாமலே ஆயிரம் ஆண்டுகளின் அசைக்கணக்கைத் தம் குரலில் சரியாக எடுத்துக் கொடுத்தார். அதே குரல்தான் இன்று வகுப்பறையில், பலகையின் முன் சுண்ணாம்புக் கட்டியுடன் நின்று, ஒரு சொல்லைத் தாழ்ந்த குரலில் இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, இடம் விடாமல் எழுதத் தொடங்கும் குழந்தையின் வாயிலும் இருக்கிறது.